கைப்பேசிச் செய்தியை நீதிமன்றம் எப்படி எடைபோடுகிறது: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வட்டிக்காரன் நள்ளிரவில் அனுப்பும் மிரட்டல், பள்ளிப் பிள்ளைக்கு முன்பின் தெரியாதவன் அனுப்பும் படம், கோயில் கமிட்டிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் கொட்டிய வசை. மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் போலீஸ் ரிப்போர்ட் வரை போகும் சங்கதிகளில் பலவும் இப்போது கைப்பேசித் திரையில்தான் பிறக்கின்றன. செய்தி வந்ததும் பலர் செய்வதும் ஒரே மாதிரிதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள், உறவுக்காரர் நாலு பேருக்கு அனுப்புகிறார்கள், பிறகு அதைப் பார்க்கவே பிடிக்காமல் உரையாடலை அழித்துவிடுகிறார்கள். வழக்கு பாதி அங்கேயே போய்விடுகிறது.

குற்றவியல் வழக்கில் ஒரு செய்தியைப் பற்றி நீதிமன்றம் மூன்று கேள்விகளைக் கேட்கும். இதைச் சாட்சியமாக ஏற்கலாமா? இதை அனுப்பியது குற்றம் சாட்டப்பட்டவர்தானா? இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? முதல் கேள்வியைத் தாண்டுவது மலேசியாவில் அவ்வளவு கடினமில்லை. வழக்குகள் கவிழ்வது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். அந்த இரண்டுக்கும் பதில் சொல்லக்கூடியது ஸ்கிரீன்ஷாட் அல்ல, செய்தி இருக்கும் கைப்பேசி. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கைப்பேசியைச் சேதமில்லாமல் சாட்சிக் கூண்டுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான்.

புரிவதற்கு ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுபவரின் மனைவி, உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் வாங்கியிருக்கிறார். தவணை தப்பியது. 3ஆம் தேதி அதிகாலை 1.15-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “நாளைக்குள்ள காசு வரலன்னா ஒன் புருசன் கணக்க முடிச்சிருவேன்.” கூடவே ஒரு வங்கிக் கணக்கு எண்ணும், 20 விநாடி குரல் பதிவும். குற்றவியல் சட்டத்தின் 503, 506ஆவது பிரிவுகளின் கீழ் இது மிரட்டல். கொலை அல்லது கொடுங்காயம் செய்வதாக மிரட்டியது நிரூபணமானால் 7 ஆண்டு வரை சிறை. அதை நிரூபிக்க அந்த அம்மாளிடம் இருப்பது ஒரு கைப்பேசி மட்டுமே.

படி 1: வந்த அன்றே செய்ய வேண்டியது

முதலில் எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் திட்டி அனுப்பிய பதிலையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். உரையாடலின் ஒரு பகுதியை மட்டும் காட்டினால், முழுவதும் புரிவதற்குத் தேவையான மற்ற பகுதியையும் கொண்டுவரச் சொல்ல சாட்சியச் சட்டம் 39ஆவது பிரிவு இடம் தருகிறது. எதிர்த்தரப்பு கைப்பேசியில் உங்கள் பதில் அப்படியே இருக்கும். அது அங்கிருந்து வெளியே வரும் நாளில், உங்கள் கைப்பேசியில் அது இல்லாதது உங்களைப் பொய்யர் ஆக்கிவிடும். கோபத்தில் எழுதிய நாலு வார்த்தையை விளக்கிச் சொல்லிவிடலாம். அழித்ததற்கு விளக்கம் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்து, செய்தி இருக்கும்போதே படம் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் ஏறத்தாழ இரண்டரை நாள் வரை ‘எல்லாருக்கும் அழி’ என்று நீக்கலாம். 15 நிமிடத்துக்குள் திருத்தவும் செய்யலாம். மறையும் செய்தி என்ற அமைப்பு போட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று கெடு வைத்துத் தானாகவே போய்விடும். டெலிகிராமில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒருவர் நினைத்த நேரத்தில் உரையாடல் முழுவதையும் இரு பக்கமும் சேர்த்து நீக்கிவிட முடியும்.

படம் பிடிக்கும்போது கிட்டத்தட்ட எல்லாருமே தவறவிடும் ஒன்று உண்டு. ஸ்கிரீன்ஷாட்டின் மேலே ‘வட்டி அண்ணாச்சி’ என்று பெயர் தெரிகிறது அல்லவா? அது அவன் பெயர் அல்ல, நீங்கள் உங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்த பெயர். யார் வேண்டுமானாலும் வீட்டில் இருக்கும் இரண்டாவது கைப்பேசியின் எண்ணை அதே பெயரில் சேமித்து, அதிலிருந்து தனக்கே மிரட்டல் அனுப்பி, அச்சு அசலாக இதே படத்தைத் தயாரித்துவிடலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் கைவைக்கும் இடம் இது. ஆகவே அந்தப் பெயரைத் தொட்டு, முழு எண்ணும் தெரியும் தொடர்பு விவரப் பக்கத்தையும் படம் பிடியுங்கள். பிறகு அந்தச் செய்தியின் தேதியும் நேரமும் தெளிவாகத் தெரியும்படி இன்னொரு படம்.

நீண்ட உரையாடலானால், ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் முதல் செய்தியாக வரும்படி ஒன்றன்மேல் ஒன்று கவிய எடுத்துக்கொண்டே போங்கள். தானாக ஒட்டி ஒரே நீளப் படமாகத் தரும் வசதியை நம்ப வேண்டாம். ஒட்டும் இடத்தில் ஒரு வரி விழுந்துவிட்டால் வெட்டி ஒட்டியது என்ற பேச்சு வரும். இன்னொருவர் கைப்பேசியால், உங்கள் திரையைத் தொடர்பு விவரப் பக்கத்தில் தொடங்கி கடைசிச் செய்தி வரை நகர்த்துவதை நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்துவைப்பதும் நல்லது. அதை எடுத்தவரும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், ஈப்போ, தைப்பிங் நீதிமன்றங்களுக்கு வந்துபோகத் தயங்காத ஒருவரைக் கூப்பிடுங்கள்.

உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு. அது தருவது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணினியிலும் திறந்து எழுத்தை மாற்றலாம் என்பதால் தனித்து நிற்கும் சாட்சியமாக அதற்கு வலு குறைவு. வழக்கறிஞர் முழுவதையும் வாசிக்கவும், தேதி தேடவும் அது உதவும். அதற்காக மட்டும் எடுத்து வையுங்கள்.

செய்யவே கூடாதவை சில. செயலியை நீக்கி மறுபடி ஏற்றாதீர்கள். கைப்பேசியைத் துடைத்துப் புதிதாக்கும் ரீசெட் வேண்டாம். திரை உடைந்திருந்தால்கூட, விசாரணை அதிகாரியைக் கேட்காமல் பட்டணத்துக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் மின்பலகையை மாற்றும்போது உள்ளிருப்பது எல்லாமே போய்விடலாம். ஆண்டிராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் வழக்கமாக அதிகாலை 2 மணிக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து வைக்கும். அழிந்த செய்தி அந்த நகலில் பிழைத்திருக்கும் வாய்ப்பு உண்டு. நீங்களே மீட்கிறேன் என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் அந்த வாய்ப்பும் போகும். பிரிபெய்ட் எண்ணாக இருந்தால் காலாவதி ஆகாமல் ரீலோட் போட்டுவாருங்கள். கைவிட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

குரல் பதிவையும் படத்தையும் வேறு யாருக்கும் தட்டிவிடாதீர்கள். வாட்ஸ்அப் வழியாகப் போகும் படம் சுருக்கப்படுகிறது. போய்ச் சேர்வது மூலக் கோப்பு அல்ல.

சிறார் விஷயத்தில் இது வெறும் ஆலோசனை அல்ல, சட்டம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் ஆபாசப் படம் உங்கள் கைப்பேசியில் இருப்பதே 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி தனிக் குற்றம். ‘ஆதாரத்துக்காக’ என்று அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும், பெற்றோர் குழுவில் போட்டு எச்சரிப்பதும் பிள்ளைக்கு மீண்டும் இழைக்கும் கொடுமை. கைப்பேசியை அப்படியே அணைத்து நேராக போலீஸ் நிலையம் கொண்டுபோங்கள். பிள்ளையிடம் ஆபாசமாகப் பேசியதும், சீண்டும் நோக்கத்தோடு நட்பு வளர்த்ததும் அந்தச் சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். சந்திப்பு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை.

படி 2: ரிப்போர்ட்

எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் கொடுக்கலாம். நீங்கள் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி, உங்களுக்குத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஆவது பிரிவு சொல்கிறது. ரிப்போர்ட் மலாயில் இருக்கும். மலாய் சரளமில்லாத பெரியவர்கள் “சரி, சரி” என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவது பிற்பாடு பெரிய தலைவலி. ‘மிரட்டினான்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. செய்தியின் வாசகத்தை வந்த மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். அனுப்பிய எண், தேதி, நேரம், எந்தச் செயலி, குரல் பதிவு எத்தனை விநாடி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் வரட்டும். சாட்சிக் கூண்டில் நீங்கள் சொல்லப்போவதும் ரிப்போர்ட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று வரி வரியாக ஒப்பிடுவார்கள். முதல் நாளே சொல்லாத விவரத்தைப் பிறகு சேர்த்தால் ‘யோசித்துச் சேர்த்தது’ என்பார்கள்.

பணம் ஏமாந்த வழக்கென்றால் ரிப்போர்ட்டுக்கும் முன்னால் 997-ஐ அழையுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையம். பணம் கைமாறிப் போகும் முன் வங்கி வழியாக நிறுத்த முயல்வார்கள்.

ரிப்போர்ட் கொடுத்து 4 வாரம் கழிந்தும் ஒன்றும் தெரியவில்லையா? வாரண்ட் இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றமானால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 107ஏ பிரிவின் கீழ் எழுதிக் கேளுங்கள். கேட்டு 2 வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் முறையிடலாம்.

படி 3: கைப்பேசியை ஒப்படைத்தல்

விசாரணை அதிகாரி கைப்பேசியைக் கேட்பார். பல மாதம் திரும்ப வராது என்ற எண்ணத்தோடு கொடுங்கள். கொடுக்கும் முன் வங்கியில் சொல்லி, ஒப்புதல் குறியீடு வரும் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது அதே எண்ணுக்கு மாற்று சிம் எடுக்கலாமா என்று அதிகாரியிடம் கேளுங்கள். அவரைக் கேட்காமல் அதே எண்ணில் புதுக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிடாதீர்கள். பழைய கைப்பேசியில் கணக்கு வெளியேறிவிடும். உள்ளிருக்கும் செய்தி போகாது, ஆனால் ஒப்படைத்த நாளில் இருந்த நிலை மாறிவிட்டது என்று வாதம் எழும்.

*#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் நிறம், கீறல், உறை, சிம் அட்டையில் இருக்கும் எண், ஒப்படைத்த தேதி, நேரம், வாங்கியவர் பெயர், பதவி எல்லாம் கைமாற்றுப் படிவத்தில் இருக்க வேண்டும். நகல் கேட்டு வாங்குங்கள். போலீஸ் வீட்டைச் சோதனை போட்டு எடுத்துப்போனால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 64ஆவது பிரிவின்படி பட்டியல் தயாரித்துக் கையொப்பமிட வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் நகல் தர வேண்டும் என்கிறது 65ஆவது பிரிவு.

இந்தக் காகிதங்களுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கைப்பேசி உங்கள் கையிலிருந்து விசாரணை அதிகாரிக்கும், அவரிடமிருந்து பொருள் காப்பறைக்கும், அங்கிருந்து தடயவியல் கூடத்துக்கும், மீண்டும் நீதிமன்றத்துக்கும் போகிறது. இதில் ஒரு கைமாற்றில் தேதி விடுபட்டாலும், ஐஎம்ஈஐ எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும், ‘பரிசோதித்தது இந்தக் கைப்பேசியைத்தானா?’ என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் இல்லாவிட்டால் உள்ளே என்ன இருந்தும் பயனில்லை. அந்தச் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான்.

படி 4: தடயவியல் கூடத்தில் நடப்பது

நல்ல நடைமுறை இப்படி இருக்கும். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, அலைவரிசை புகாத உறையில் வைப்பார்கள். வெளியிலிருந்து யாரும் செய்தியை அழித்துவிடாமல் இருக்கத்தான் அது. பிறகு அதற்கென உள்ள கருவியால் உள்ளிருக்கும் தரவை நகலெடுத்து, நகலுக்கு ஹேஷ் எண் போடுவார்கள். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. எஸ்ஹெச்ஏ-256 முறையில் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வரிசை முழுவதும் மாறிவிடும். நகலெடுத்த நாளின் ஹேஷும் நீதிமன்றத்தில் காட்டும் கோப்பின் ஹேஷும் ஒன்றானால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பது உறுதி. எடுப்பதற்கு முன்பே மாற்றப்பட்டிருந்ததா என்பதற்கு ஹேஷ் பதில் சொல்லாது. இந்த வேறுபாட்டை அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

நேர வித்தியாசத்தைக் கட்டாயம் பாருங்கள். கைப்பேசியின் உள் தரவுத்தளத்தில் நேரம் உலகப் பொது நேரப்படி பதிவாகும், மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால். அறிக்கையை மலேசிய நேரத்துக்கு மாற்றாமல் அச்சிட்டால், நம் கற்பனை வழக்கில் 3ஆம் தேதி அதிகாலை 1.15-க்கு வந்த மிரட்டல் 2ஆம் தேதி மாலை 5.15 என்று நிற்கும். ரிப்போர்ட்டில் ஒரு நேரம், அறிக்கையில் இன்னொரு நேரம், குற்றச்சாட்டில் மூன்றாவது! நிபுணர் விளக்கினால் தீர்ந்துவிடும் சிக்கல்தான். விளக்காமல் விட்டால் வழக்கையே இழுத்துக்கொண்டு போகும்.

போலீஸ் சோதனையின்போது இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவியில் உள்ளவருக்குக் கடவுச்சொல் உட்பட கணினித் தரவைத் திறக்கத் தேவையானவற்றைத் தர வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டம் 116பி பிரிவு. ‘வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்திகள் இரு முனைகளுக்கு இடையே பூட்டப்பட்டே போகின்றன. சேர்ந்துவிட்ட செய்தியின் வாசகம் நிறுவனத்திடம் இருப்பதில்லை. அனுப்பியவர் கைப்பேசியில் இருக்கிறது, பெற்றவர் கைப்பேசியில் இருக்கிறது. குழுவில் போட்டதானால் ஒவ்வொரு உறுப்பினரிடமும் இருக்கிறது. கோயில் கமிட்டிக் குழுவில் வந்த செய்தி என்றால், ஒருவருக்கொருவர் பகையோ உறவோ இல்லாத மூன்று பேரின் கைப்பேசியில் ஒரே செய்தி ஒரே நேரத்தோடு இருப்பதைக் காட்டுங்கள். போலி என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

படி 5: சாட்சியமாக ஏற்பு, 90ஏ பிரிவு

1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 1993ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 90ஏ, 90பி, 90சி பிரிவுகள்தான் இதற்கு அடித்தளம். தரவைச் செயலாக்கி, சேமித்து, காட்டும் எந்த மின்னணுக் கருவியும் சட்டத்தின் பார்வையில் கணினி, கைப்பேசியும் அப்படியே. கணினி உருவாக்கிய ஆவணம் முதன்மைச் சான்று என்று 62ஆவது பிரிவின் 3ஆவது விளக்கம் சொல்கிறது. ‘இது வெறும் நகல்’ என்று அச்சுத்தாளைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த ஆவணம் கணினியின் வழக்கமான பயன்பாட்டில் உருவானது என்று காட்ட வேண்டும். காட்ட இரண்டு வழி. ஒன்று, அந்தக் கருவியின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்ட சான்றிதழ். இன்னொன்று, அவரே நேரில் வந்து சொல்லும் சாட்சியம். நேரில் சாட்சியம் வந்தால் சான்றிதழ் தேவையில்லை என்பதை 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஞானசேகரன் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. இரண்டுமே இல்லாமல், கணினி ஆவணம் வழக்கமான பயன்பாட்டில் உருவானதாகவே கொள்ளப்படும் என்ற 90ஏ(6) அனுமானத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த நிபந்தனையைத் தாண்ட முடியாது என்பது 2009-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அகமட் நஜிப் அரிஸ் வழக்கில் சொன்னதன் சாரம்.

நம் வழக்கில் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அந்த அம்மாளும், தடயவியல் அச்சுக்கு நிபுணரும் பொறுப்பு. சான்றிதழில் தயாரிப்பு, மாடல், ஐஎம்ஈஐ, பயன்படுத்தியவர் யார், எந்தத் தேதியில் எத்தனை பக்கம் அச்சிடப்பட்டது என்று இருக்கட்டும். ‘எனக்குத் தெரிந்தவரை, நம்பும்வரை’ என்று எழுதினால் சட்டத்துக்குப் போதும். கருவி சரியாக இயங்கியது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்பவர் காட்ட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். மிரட்டல் செய்தி தானே குற்றச் செயல், அதன் வாசகமே வழக்கு. ஆனால் ‘அவன் கடையை உடைத்ததை நான் பார்த்தேன்’ என்று ஒருவர் அனுப்பிய செய்தி ஒரு கூற்று. அதை எழுதியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தாமல், அச்சுத்தாளை மட்டும் வைத்து உடைப்பை நிரூபிக்கப் பார்ப்பது ஆபத்தான வேலை.

படி 6: தட்டச்சு செய்தது யார்?

வழக்கின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. எண் ஒருவர் பெயரில் இருப்பது வேறு, அந்த நிமிடம் விரல் வைத்தவர் யார் என்பது வேறு. தோட்டப்புறத்தில் இது இன்னும் சிக்கலாகும். தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) ஒருவர் தன் அடையாள அட்டையைக் கொடுத்து வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு சிம் எடுத்துக் கொடுத்திருப்பார். அண்ணன், தம்பி, மகன் மூவரும் ஒரே கைப்பேசியைப் புழங்குவார்கள். ஒரு வாட்ஸ்அப் கணக்கோடு 4 கருவிகள் வரை இணைத்துக்கொள்ளலாம். கடை மேசையில் திறந்து கிடக்கும் கணினியிலிருந்தும் செய்தி போகும்.

அரசுத் தரப்புக்கு இங்கே சாட்சியச் சட்டம் 114ஏ பிரிவு கைகொடுக்கிறது. 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருக்கும் இந்தப் பிரிவின்படி, யாருடைய பெயரோ படமோ புனைபெயரோ ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிர்வாகி என்பதுபோல் தோன்றுகிறதோ, எந்தப் பதிவுபெற்ற சந்தாதாரரின் இணைப்பிலிருந்து அது கிளம்பியதோ, எந்தக் கணினி யார் கைவசம் இருந்ததோ, அவரே வெளியிட்டார் என்று மறுத்து நிரூபிக்கும்வரை அனுமானிக்கப்படும். ‘வெளியீடு’ என்பதற்கு அங்கே தரப்பட்டிருக்கும் பொருளும் மிக விரிவு: கணினித் திரையில் தோன்றும் எந்தக் கூற்றும், எழுத்தோ படமோ ஒலியோ. உங்கள் அடையாள அட்டையில் வேறு யாருக்கும் சிம் எடுத்துத் தராதீர்கள் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். அவன் செய்ததற்கு, ‘நான் இல்லை’ என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினால் மட்டும் அந்த அனுமானம் போகாது. ‘நான் அனுப்பவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்குக் காட்ட வேண்டும்.

அனுமானத்தை மட்டும் நம்பி வழக்கு நடத்துவது அரசுத் தரப்புக்கும் நல்லதல்ல. நீதிமன்றம் மனநிறைவோடு ஏற்பது சூழ்நிலைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான். நம் வழக்கில் எவையெல்லாம் தேடப்பட வேண்டும்? தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சந்தாதாரர் பதிவு. கைதின்போது அந்த எண் எந்தக் கைப்பேசியில் இருந்தது, அது யார் சட்டைப் பையில் இருந்தது. செய்தியில் தந்த வங்கிக் கணக்கு யாருடையது, முந்தைய தவணைகள் அதில் எப்போது விழுந்தன. கடன் வாங்கிய தொகை 3,000 என்பதும் புருசன் ஓட்டும் லோரியின் எண்ணும் வெளியாருக்குத் தெரியாத சங்கதிகள், அவை செய்தியில் வருகின்றனவா? ‘நாளைக்குள்ள’ என்று கெடு வைத்தவன் மறுநாள் தாமான் (குடியிருப்பு) வாசலில் வந்து நின்றானா? நின்றதைப் பார்த்தவர் யார்? நடத்தை 8ஆவது பிரிவின்படி பொருத்தமான சாட்சியம். அந்த மறுநாள் சம்பவத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தால், பத்து ஸ்கிரீன்ஷாட்டைவிட அவர் ஒருவரின் வாய்மொழிக்கு எடை அதிகம்.

குரல் பதிவு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஒலிப்பதிவை ஏற்பதற்கு 1998-இல் முகமது அலி ஜாஃபார் வழக்கில் உயர்நீதிமன்றம் சொன்னவை நாடா காலத்துக்கானவை. அவற்றின் உட்பொருள் இன்றைக்கும் பொருந்தும்: கருவி ஒழுங்காக இயங்கியது, பதிவில் யாரும் கைவைக்கவில்லை, குரலை அறிந்தவர் கேட்டு அடையாளம் சொன்னார், எழுத்துப்படி தயாரிக்கப்பட்டது. அந்த அம்மாள் அவனோடு முன்பு எத்தனை தடவை நேரிலும் போனிலும் பேசியிருக்கிறார் என்பதை முதலில் நிறுவ வேண்டும். முன்பின் கேட்டிராத குரலை ‘அவன்தான்’ என்பதில் எடையில்லை.

படி 7: மொழி

நீதிமன்ற நடவடிக்கை மலாயில். செய்தியோ பேச்சுத் தமிழ், அதுவும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், நடுவே மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்து. மொழிபெயர்ப்பு பிசகினால் குற்றமே மாறிவிடும். ‘கணக்க முடிச்சிருவேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன் என்று கடன் வாங்கியவர் சொல்வதுபோல ஆகிவிடும். எதிர்த்தரப்பு அந்தப் பொருளைத்தான் பிடித்துக்கொள்ளும். முன்னால் ‘ஒன் புருசன்’ என்று இருப்பதும், பின்னால் வந்த குரல் பதிவின் தொனியும், முந்தைய வாரத்துச் செய்திகளும் சேர்ந்துதான் அது உயிருக்கு விடுத்த மிரட்டல் என்று காட்டும்.

அதனால் மொழிபெயர்ப்பு மூன்று பத்தியில் இருக்கட்டும்: வந்தபடியே அசல் வரி, அதைத் தமிழ் எழுத்தில் எழுதியது, மலாய் மொழியாக்கம். இமோஜியை விட்டுவிடக் கூடாது, கத்தியோ சவப்பெட்டியோ போட்டிருந்தால் அதையும் விவரித்து எழுத வேண்டும். மொழிபெயர்த்தவர் தேவைப்பட்டால் சாட்சி சொல்லக்கூடியவராக இருக்கட்டும். உறவுக்காரர் வேண்டாம். சாட்சிக் கூண்டில் உங்களிடம் பொருள் கேட்டால், “எனக்கு இப்படித்தான் புரிந்தது, ஏனென்றால்…” என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

படி 8: எடை

உள்ளே வந்துவிட்ட ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 90பி பிரிவு வழிகாட்டுகிறது. சம்பவம் நடந்த நேரத்துக்கு நெருக்கமாகப் பதிவானதா, அதை வைத்திருந்தவருக்கு மறைக்கவோ திரிக்கவோ காரணம் இருந்ததா என்று நீதிபதி பார்ப்பார். குறுக்கு விசாரணை சுற்றிச் சுற்றி வரும் இடங்களும் தெரிந்தவைதான்: ஏன் இந்த 3ஆம் தேதிச் செய்தி மட்டும் இருக்கிறது, 1ஆம் தேதி எங்கே? ஏன் 11 நாள் கழித்து ரிப்போர்ட்? கைப்பேசியின் கடவுச்சொல் வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் போதும். பயத்தில் தாமதித்தேன் என்பது பதில்தான், அது உண்மையானால்.

கைப்பேசியே தொலைந்துவிட்டது, ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் என்றாலும் வழக்கு அத்தோடு முடிந்துவிடாது. செய்தியைப் பார்த்தவர்கள், அப்போதே யாருக்கு அனுப்பினீர்கள், எதிராளியின் கைப்பேசியில் கிடைத்தது என்ன, இவை தாங்கும். ஆனால் போலீஸ் கையில் கைப்பேசி இருந்தும் அரசுத் தரப்பு அதைக் கொண்டுவராமல் விட்டால், 114(ஜி) விளக்கத்தின் கீழ் ‘கொண்டுவந்திருந்தால் உங்களுக்கு எதிராக இருந்திருக்கும்’ என்று அனுமானிக்கும்படி எதிர்த்தரப்பு கேட்கும்.

சட்டத்துக்குப் புறம்பாக எடுத்ததாயிற்றே என்ற வாதம் பொதுவாக எடுபடாது. 1955-இல் குருமா வழக்கில் லண்டனிலிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதை நம் நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. வழக்குக்குப் பொருத்தமான சாட்சியமானால், பெற்ற வழி மட்டும் அதைத் தடுக்காது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமற்ற பாதிப்பு வருமானால் ஒதுக்கும் உரிமை நீதிபதிக்கு உண்டு. இதைக் கேட்டு மனைவியின் கைப்பேசியை உடைத்துத் திறக்கக் கிளம்பிவிடாதீர்கள், அது தனிக் குற்றமாகும்.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் நிற்பவர்களுக்கு

உங்கள் வீட்டுப் பிள்ளை மேல் வழக்கு என்றால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். 90ஏ(7) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தாமே பொறுப்பாக இருந்த கணினி தந்த ஆவணத்தையோ, உருவாவதில் தாம் எந்த வகையிலாவது ஈடுபட்ட ஆவணத்தையோ, தமக்கு ஆதரவாக அவரோ அவர் சார்பிலோ குற்றவியல் வழக்கில் தாக்கல் செய்தால் அது ஏற்கப்படாது. அதாவது, பையன் தன் கைப்பேசியிலிருந்து தானே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை ‘பாருங்கள், அவள்தான் முதலில் கூப்பிட்டாள்’ என்று நீட்டினால் அது நிற்காமல் போகலாம். அதே செய்தி புகார்தாரரின் கைப்பேசியில் இருந்தால் அங்கிருந்து வர வேண்டும், அல்லது போலீஸ் எடுத்த முழு அறிக்கையிலிருந்து. ஆகவே ‘புகார்தாரரின் கைப்பேசியையும் முழுதாக எடுங்கள்’ என்று தொடக்கத்திலேயே வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள். வழக்கு தொடங்கும் முன் அரசுத் தரப்பு தாக்கல் செய்யப்போகும் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டம் 51ஏ. குறிப்பிட்ட பொருளைக் கொண்டுவரச் சொல்லி 51ஆவது பிரிவின் கீழும் மனு போடலாம்.

கைதானவுடன் உறவினருக்குத் தெரிவிக்கவும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. அதற்கு முன் யாருக்கும், குறிப்பாக நண்பர்கள் குழுவில், ‘நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்பதுபோல ஒரு வரியும் அனுப்ப வேண்டாம். போலீஸ் விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தச் சட்டத்தில் தடைகள் உண்டு. நண்பனுக்கு அனுப்பிய செய்திக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பயத்தில் உரையாடலை அழிப்பது ஆதாரத்தை அழித்த புதுக் குற்றச்சாட்டுக்கு வழி திறக்கும். எதிராளியின் கைப்பேசியில் அது இருக்கத்தான் போகிறது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று கைவிட வேண்டாம். தடுப்புக் காவல் கட்டத்திலிருந்தே தேசிய சட்ட உதவி அறக்கட்டளை வழக்கறிஞரைத் தரும், மலேசியர்கள் வருமான வரம்புக்கு உட்பட்டுப் பெறலாம். அரசின் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. முதல் சந்திப்புக்குப் போகும்போது ரிப்போர்ட் நகல், கைமாற்றுப் படிவம், ஐஎம்ஈஐ எண், பக்க எண் போட்ட வண்ண அச்சுத்தாள்கள், நாள்வாரியாக நடந்ததை எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுபோங்கள்.